வாசலில் நிற்கும் தண்ணீர் எந்த ஆபீஸைச் சேர்ந்தது?

கோவிலம்பாக்கத்துச் சகோதரிகளே! உங்கள் ஊர் எந்த ஊர் என்று ஒருவர் கேட்டால் என்ன பதில் சொல்வீர்கள்? "இது என்ன கேள்வி? சென்னைதான்!" என்பீர்கள். வீடு விற்றவர் சென்னை என்று சொல்லித்தான் விற்றார். விலாசம் எழுதும்போது சென்னை என்றுதான் எழுதுகிறோம். கல்யாணப் பத்திரிகையிலும் அப்படியே அச்சடிக்கிறோம். ஆனால் தெரு விளக்கு எரியவில்லை என்று சென்னை மாநகராட்சியின் 1913 எண்ணுக்குப் போன் செய்து பாருங்கள். உங்கள் தெரு எங்கள் எல்லையில் இல்லையே என்று வெகு மரியாதையாகச் சொல்லிவிடுவார்கள்.

சரி, தாம்பரம் மாநகராட்சியைக் கேட்கலாம் என்கிறீர்களா? அந்த மாநகராட்சி உதயமானது 2021 நவம்பர் 3-ஆம் தேதி. தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் ஆகிய ஐந்து நகராட்சிகளையும், சிட்லபாக்கம், மாடம்பாக்கம், பெருங்களத்தூர், பீர்க்கன்காரணை, திருநீர்மலை ஆகிய ஐந்து பேரூராட்சிகளையும் ஒன்று சேர்த்து அதை உண்டாக்கினார்கள். அந்தப் பட்டியலில் கோவிலம்பாக்கத்தின் பெயர் இல்லை. புனித தோமையார் மலை ஒன்றியத்தைச் சேர்ந்த கிராம ஊராட்சியாகவே அது விடப்பட்டது. ஆமாம், கிராமம்தான்! அடுக்குமாடிக் கட்டடங்களும், இருநூறடிச் சாலையும், மெட்ரோ ரயிலுக்காக நிற்கும் தூண்களும் உள்ள கிராமம்.

இன்னும் வேடிக்கையைக் கேளுங்கள். வடக்கே நாலு தெரு நடந்தால் மடிப்பாக்கம். அது 2011-இல் சென்னை மாநகராட்சியில் சேர்ந்துவிட்டது. கிழக்கே பள்ளிக்கரணை, அதற்கும் அதே கதை. மேற்கே கீழ்க்கட்டளை, பல்லாவரம் நகராட்சியோடு இருந்து, இப்போது தாம்பரம் மாநகராட்சிக்குப் போய்விட்டது. தெற்கே நன்மங்கலமும் மேடவாக்கமும் இதைப் போலவே கிராம ஊராட்சிகளாக இருந்துவந்தவை. காய்கறி வாங்கப் போய்விட்டு வருவதற்குள் நீங்கள் மூன்று ராஜ்யங்களைச் சுற்றி வந்துவிடுகிறீர்கள். ஜில்லா மட்டும் என்ன? 2019 நவம்பர் 29 முதல் காஞ்சிபுரம் போய்ச் செங்கல்பட்டு ஆயிற்று.

"இதெல்லாம் வீட்டுக்காரர் பார்க்கவேண்டிய சமாசாரம், எனக்கு எதற்கு?" என்று அடுத்த பக்கத்துத் தொடர்கதைக்குத் தாவிவிடாதீர்கள். மழை கொட்டும் ராத்திரியில் தண்ணீர் வாசற்படி ஏறும்போது, வீட்டுக்காரர் பெரும்பாலும் அலுவலகத்திலிருந்து திரும்பும் வழியில் எங்கேயோ மாட்டிக்கொண்டிருப்பார். அரிசி டின்னை மேலே தூக்கி வைப்பதும், குழந்தையை மாடிக்கு அனுப்புவதும், யாருக்குப் போன் செய்வது என்று தவிப்பதும் நீங்கள்தானே?

தண்ணீர் போகும் பாதை

முதலில் இந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது, எங்கே போகப் பார்க்கிறது என்று தெரிந்துகொள்வோம். கீழ்க்கட்டளையில் ஏரி இருக்கிறது; நாராயணபுரத்தில் ஏரி இருக்கிறது; நன்மங்கலத்தில் ஏரி இருக்கிறது; கோவிலம்பாக்கத்திலும் இருக்கிறது. இவை தனித்தனிக் குட்டைகள் அல்ல. ஒரு ஏரி நிரம்பினால் கலங்கல் வழியாக வழிந்து அடுத்ததற்குப் போகும்; கடைசியில் எல்லாம் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில் போய்ச் சேரும். நம் முன்னோர்கள் மேட்டிலிருந்து பள்ளத்துக்குப் படிப்படியாக ஏரிகளைச் சங்கிலி கோத்தாற்போல் வெட்டி வைத்தார்கள். அந்தச் சதுப்பு நிலத்துக்கு ஏறக்குறைய 250 சதுர கிலோமீட்டர் பரப்பிலிருந்து தண்ணீர் வருகிறது. வருவதற்கு இத்தனை வழி. வெளியே போவதற்கோ ஒக்கியம் மடுவு ஒன்றுதான் முக்கியமான வாசல். அதன் வழியாக பக்கிங்காம் கால்வாய்க்குப் போய், தெற்கே முட்டுக்காட்டுப் பக்கம் கடலைத் தொட வேண்டும். அமாவாசை, பௌர்ணமியில் கடல் பொங்கி நிற்கும்போது அந்த வாசலும் நிதானமாகத்தான் திறக்கும்.

ஒரு காலத்தில் ஐயாயிரம் ஹெக்டேர் அளவுக்குப் பரந்து கிடந்த சதுப்பு நிலம் அது. குப்பைமேடும், சாலையும், கட்டடங்களும் தின்றது போக மிஞ்சியதில் 1,247 ஹெக்டேருக்கு 2022-இல் ராம்சார் என்ற உலக ஒப்பந்தத்தின் கீழ் அந்தஸ்து கிடைத்தது. வெளிநாட்டுப் பறவைகள் வருவதற்காக மட்டும் இந்தக் கௌரவம் என்று நினைக்கிறவர்கள் உண்டு. பறவைகள் வரட்டும், சந்தோஷம். ஆனால் அந்தச் சதுப்பு நிலம் உறிஞ்சி வைத்துக்கொள்கிற ஒவ்வொரு அடித் தண்ணீரும் உங்கள் கூடத்துக்கு வராத தண்ணீர் என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

2015 டிசம்பர் முதல் தேதி ஞாபகம் இருக்கிறதா? மறுநாள் காலையில் அளந்தபோது தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் மழை. ஒன்றரை அடிக்கு மேல்! வானத்திலிருந்து ஒன்றரை அடி என்றால் பள்ளமான தெருவில் ஆளுயரம் நிற்பதில் ஆச்சரியம் இல்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது, பள்ளிக்கரணையில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பிலிருந்து மோட்டார்கார்கள் காகிதக் கப்பல்களைப் போல வரிசையாக மிதந்து போனதை ஊரே படத்தில் பார்த்தது.

யார் கையில் எது?

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். தெருவில் தண்ணீர் நிற்கிறது. எந்தக் கதவைத் தட்டுவது? உள்தெருவும் அதன் ஓரத்து வடிகாலும் தெரு விளக்கும் குப்பையும் ஊராட்சியின் பொறுப்பு. மேடவாக்கம் பிரதான சாலையிலும் இருநூறடிச் சாலையிலும் பள்ளம் விழுந்தால் அது நெடுஞ்சாலைத் துறை. மெட்ரோ வேலை நடக்கும் இடத்துத் தடுப்புத் தகரம் சாய்ந்திருந்தால் அதற்கு மெட்ரோ நிர்வாகம். அறுந்து தொங்கும் கம்பிக்கு மின்வாரியம். ஏரியில்தான் சூட்சுமம் இருக்கிறது. நூறு ஏக்கருக்கு மேல் பாசனம் கொடுத்துவந்த பெரிய ஏரி நீர்வளத் துறையைச் சேர்ந்தது; அதற்குக் குறைந்த சிறிய ஏரி ஒன்றியத்தைச் சேர்ந்தது. பாசனமும் போயிற்று, நஞ்சையும் போயிற்று, மனைக்கட்டுகள் வந்தன. ஆனாலும் ஏரியின் சொந்தக்காரர் யார் என்பதை அந்தப் பழைய பாசனக் கணக்குத்தான் இன்றும் தீர்மானிக்கிறது!

ஆக, ஏரி ஒருவருடையது. அதிலிருந்து வரும் கால்வாய் குறுக்கிடும் சாலை வேறொருவருடையது. கால்வாய் போய் முடியும் இடம் மாநகராட்சி எல்லை. தண்ணீருக்கு இந்த எல்லைக்கோடு ஒன்றும் தெரியாது. கடுதாசிக்குத்தான் தெரியும். இடம் தவறிப் போன மனு மேஜைக்கு மேஜை யாத்திரை செய்துவிட்டுப் பொங்கலுக்குப் பிறகு வந்து சேரும். அதற்குள் மழைக்காலமே முடிந்திருக்கும். அதனால்தான் எது யாருடையது என்று முன்கூட்டியே தெரிந்து வைத்துக்கொள்ளச் சொல்கிறேன். ஊராட்சித் தலைவர் பதவியில் இருக்கிற காலத்தில் அவர். பதவிக்காலம் முடிந்து தேர்தல் வராத காலத்தில் தனி அலுவலர். இவர்கள் மாறினாலும் ஊராட்சிச் செயலாளர் என்று ஒருவர் எப்போதும் இருப்பார். அவரைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். அங்கே நடக்கவில்லையானால் திங்கட்கிழமைதோறும் கலெக்டர் அலுவலகத்தில் குறைதீர்க்கும் நாள் நடக்கிறது. மனுவைக் கொடுத்துவிட்டு ரசீது வாங்காமல் திரும்பாதீர்கள்.

கோவிலம்பாக்கத்தை மாநகராட்சியில் சேர்த்துவிடப் போகிறார்கள் என்ற பேச்சு அவ்வப்போது எழுகிறது. சேர்ந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்பது பலருடைய எண்ணம். எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. பள்ளிக்கரணை 2011 முதல் மாநகராட்சிதான். 2023-இல் கார்கள் மிதந்தது அங்கேதானே?

அடுக்களையிலிருந்து ஆரம்பிப்போம்

ஆபீஸ் சங்கதி அப்படி இருக்கட்டும். எந்த ஆபீஸும் செய்ய முடியாமல் நீங்களே செய்ய வேண்டியவை சில உண்டு. மழைக்காலத்தில் உயிரைக் கொள்ளை கொண்டு போவது வெள்ளம் மட்டும் அல்ல. வெள்ளத்தில் நனைந்த மின்சாரமும்தான்.

உங்கள் வீட்டு மெயின் சுவிட்ச் எங்கே இருக்கிறது? அடுக்குமாடிவாசிகளில் பலர் கீழ்த்தளத்தில் எங்கேயோ என்று கையைக் காட்டுவார்கள். இன்றைக்கே போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். அதில் உங்கள் வீட்டு எண்ணை எழுதி ஒட்டுங்கள். தண்ணீர் வாசலைத் தொடும்போதே, வீட்டுக்குள் வருவதற்கு முன்பாகவே, உலர்ந்த கையோடும் உலர்ந்த செருப்போடும் போய் அணைத்துவிட வேண்டும். மெயின் சுவிட்ச் இருக்கும் இடத்தில் ஏற்கெனவே தண்ணீர் நிற்கிறதா? அங்கே காலை வைக்காதீர்கள். மின்வாரியத்தின் மின்னகம் எண் 94987 94987. அதற்குச் சொல்லி அந்தப் பகுதியிலேயே மின்சாரத்தை நிறுத்தச் சொல்லுங்கள். இந்த எண்ணை டெலிபோனில் பதிந்து வைப்பதோடு சமையலறைச் சுவரிலும் எழுதி ஒட்டுங்கள். மின்சாரம் போன ராத்திரியில் டெலிபோனுக்கும் உயிர் போய்விடும்.

கசிவு மின்சாரத்தைக் கண்டுபிடித்துத் தானாக அணைந்துகொள்ளும் சாதனம் ஒன்று இருக்கிறது, எலக்ட்ரீஷியனிடம் ஆர்.சி.சி.பி. என்று சொன்னால் தெரியும். உள்ளே போகிற மின்சாரமும் திரும்பி வருகிற மின்சாரமும் சமமாக இருக்கிறதா என்று அது ஓயாமல் கணக்குப் பார்த்துக்கொண்டிருக்கிறது. நம் மாமியார்கள் பால் கணக்குப் பார்ப்பதுபோல! ஒரு ஆம்பியரில் ஆயிரத்தில் முப்பது பங்கு குறைந்தாலும், எவர் உடம்பு வழியாகவோ பூமிக்குப் போகிறது என்று புரிந்துகொண்டு, கண் மூடித் திறப்பதற்குள் இணைப்பைத் துண்டித்துவிடும். ஒரு பட்டுப்புடவை விலையில் பாதிகூட ஆகாது. அதில் "டெஸ்ட்" என்று ஒரு சின்னப் பொத்தான் இருக்கும். மாதம் ஒரு முறை அழுத்திப் பாருங்கள். அழுத்தியும் அணையவில்லையானால் அது வெறும் அலங்காரப் பொருள், மாற்றிவிடுங்கள். மொட்டை மாடியில் துணி உலர்த்த இரும்புக் கம்பி கட்டியிருந்தால் அவிழ்த்துவிட்டு நைலான் கயிறு கட்டுங்கள். ஈரத் துணியை ஈரக் கையால் இரும்புக் கம்பியில் போடும் பெண்மணிக்கும், அந்தக் கம்பியை எங்கோ உரசிக்கொண்டிருக்கும் பிய்ந்த வயருக்கும் ஒரு கண நேரச் சந்திப்பு போதும்.

காஸ் சிலிண்டரைப் பற்றியும் ஒரு வார்த்தை. அந்த வாயு காற்றைவிடக் கனமானது. மேலே எழும்பிப் போகாது, தரையோடு படிந்து நிற்கும். வெள்ளம் வடிந்து வீட்டைத் திறக்கிறபோது முதல் வேலை கதவுகளையும் ஜன்னல்களையும் திறப்பதுதான். சுவிட்சைத் தட்டுவதோ, சாமி விளக்கு ஏற்றுவதோ அப்புறம். நாற்றம் வந்தால் 1906-க்குச் சொல்லுங்கள்.

நிலத்தடித் தொட்டியின் மூடியைக் கவனித்தீர்களா? தண்ணீர் லாரிக்காரர் குழாயை விட்டு நிரப்பிவிட்டு மூடியைப் பாதி நகர்த்தி வைத்துவிட்டுப் போவார். வாசலில் தண்ணீர் நிற்கிற நாளில் தொட்டி எது, தரை எது என்று பெரியவர்களுக்கே தெரியாது. பந்தைத் துரத்தும் குழந்தைக்கு எப்படித் தெரியும்? பூட்டுப் போடும் மூடியாகப் போடுங்கள். 2023 புயலின்போது வேளச்சேரியில் கட்டடத்துக்காகத் தோண்டிய பெரும் பள்ளம் ஒன்று சரிந்து இரண்டு உயிர்கள் போயின. நம் பக்கத்தில் தோண்டாத தெரு எது? மழைக்கு முன்னாலேயே பக்கத்து மனையில் பள்ளம் திறந்து கிடந்தால் உடனே ஊராட்சிக்கு எழுதிக் கொடுங்கள்.

கழிவுநீர்த் தொட்டி விஷயத்தில் நான் கொஞ்சம் கடுமையாகவே சொல்லப்போகிறேன். லாரி வர நாளாகிறது என்று, தெருவில் போகும் ஆளை அழைத்து ஐநூறு ரூபாய் கொடுத்து உள்ளே இறங்கச் சொல்கிறார்களே, அது 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். சட்டம் கிடக்கட்டும், அது கொலைக்குச் சமானம். உள்ளே தேங்கும் விஷவாயு முதலில் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். அளவு கூடியதும் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. நாற்றம் போய்விட்டது என்று தைரியமாக இறங்கியவர் மேலே வரமாட்டார். அவரைத் தூக்க இறங்கியவரும் வரமாட்டார். ஒரே தொட்டியில் இரண்டு, மூன்று பேர் போவது இப்படித்தான். இயந்திர லாரிக்கு 14420 என்று ஒரு எண் இருக்கிறது. நீங்கள் வீட்டில் இருக்கும்போது எவரையும் தொட்டிக்குள் இறங்க விடாதீர்கள். வீட்டுக்காரர் கோபித்துக்கொண்டாலும் சரி.

டெங்குக் கொசு சாக்கடைக் கொசு அல்ல, அது சுத்தக்காரி! நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும். பகலில்தான் கடிக்கும். முட்டை கொசுவாக ஏழெட்டு நாள் போதும். ஆகையால் குடம், அண்டா, குளிர்சாதனப் பெட்டியின் பின்புறத் தட்டு, பூந்தொட்டியின் கீழ்த்தட்டு எல்லாவற்றையும் வாரம் ஒரு நாள் கொட்டித் தேய்த்துக் கவிழ்த்துவிட வேண்டும். கொட்டினால் மட்டும் போதாது. முட்டை பாத்திர ஓரத்தில் ஒட்டிக்கொண்டு மாதக்கணக்கில் உலர்ந்தபடி காத்திருக்கும். தேய்த்தே ஆகவேண்டும். வெள்ளிக்கிழமை விளக்குத் தேய்க்கிற கையோடு இதையும் சேர்த்துக்கொண்டால் மறக்காது.

குடத்தில் ஓலையும் கூட்டத்தில் கணக்கும்

ஏரி யாருடையது என்று இன்று நாம் தலையைப் பிய்த்துக்கொள்கிறோம். செங்கல்பட்டுக்கு மேற்கே, காஞ்சிபுரம் ஜில்லாவில் உத்தரமேரூர் இருக்கிறது. அங்கே முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் 919, 921-ஆம் ஆண்டுகளில் வெட்டப்பட்டவை. முப்பது குடும்புகளாக ஊரைப் பிரித்து, பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டு, ஒரு சிறுவனைக் கொண்டு எடுக்கச் சொல்லி வாரியங்களை அமைத்தார்கள். அதில் ஏரியைப் பார்த்துக்கொள்வதற்கென்றே ஆறு பேர் கொண்ட ஏரி வாரியம்! பொறுப்பில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவர் மறுபடி ஓலைக்கு அருகதை இல்லை. அவருடைய நெருங்கிய உறவினர்களுக்கும் இல்லை. மிகவும் நல்ல ஏற்பாடு. ஒரே குறை, அந்தக் குடத்தில் பெண்களின் பெயர் போடவில்லை. அந்தக் குறையைத் தீர்க்க 2016 வரை ஆயிற்று. அந்த வருஷம்தான் தமிழ்நாட்டு உள்ளாட்சிகளில் பாதி இடம் பெண்களுக்கு என்று சட்டம் வந்தது.

மாநகராட்சிக்காரர்களுக்கு இல்லாத ஒரு பாக்கியம் கிராம ஊராட்சிக்கு உண்டு. அதுதான் கிராம சபை. வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள ஒவ்வொருவரும் அதில் அங்கத்தினர். வருஷத்தில் ஆறு நாள்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அங்கே வரவு செலவுக் கணக்கை வாசிக்க வேண்டும். அடுத்து செய்யப்போகும் வேலைகளைச் சொல்ல வேண்டும். பத்தாயிரத்துக்கு மேல் ஜனத்தொகை உள்ள ஊராட்சியில் 300 பேர் வந்தால்தான் கோரம். இரண்டு அடுக்குமாடிக் குடியிருப்பிலிருந்து மட்டும் அத்தனை பேர் வரலாம்! ஆனால் பிளாட்வாசிகளில் பலர் கிராம சபை என்றால் வேறு யாருக்கோ நடக்கிற கூட்டம் என்று எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். ஊரில் பிறந்தவர்கள் வந்து உட்காருகிறார்கள். வீடு வாங்கி வந்தவர்கள் வாட்ஸ்அப்பில் கோபித்துக்கொள்கிறார்கள்.

பக்கத்துச் சிட்லபாக்கத்தைப் பாருங்கள். 2019 கோடையில் குடிக்கத் தண்ணீர் இல்லாமல் சென்னை தவித்தபோது, அந்த ஊர்க்காரர்கள் மண்வெட்டியும் கூடையுமாகத் தங்கள் ஏரிக்குள் இறங்கினார்கள். பிறகு சர்க்கார் அந்த ஏரிக்கு 25 கோடி ரூபாய் ஒதுக்கியது. சும்மா இருந்த ஊருக்கு அந்தப் பணம் வந்திருக்குமா என்று எனக்குச் சந்தேகம்தான்.

கிராம சபைக்குப் போகிறவர்கள் ஊர்க் குறை எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டாமல் ஒன்றே ஒன்றை எடுத்துக்கொண்டு போங்கள். இன்ன தெருவிலிருந்து இன்ன கால்வாய் வரை மழைநீர் வடிகாலைத் தூர் வார வேண்டும் என்று, தெருவின் பெயரும் நீளமும் போட்டு, அக்கம்பக்கத்தார் இருபது பேர் கையெழுத்தோடு எழுதிக் கொடுங்கள். ஆகஸ்ட் 15 கூட்டத்தில் கொடுத்தால் மழைக்கு முன் வேலை நடக்க வழி உண்டு. நவம்பரில் கொடுத்தால் தண்ணீருக்குள் நின்றுகொண்டு கொடுத்ததாக இருக்கும். வெளித்துறை செய்ய வேண்டிய வேலையானாலும் கிராம சபைத் தீர்மானமாக அனுப்பச் சொல்லுங்கள். வருகைப் பதிவில் கையெழுத்துப் போடுங்கள். தீர்மானத்தின் எண்ணைக் குறித்துக்கொண்டு வாருங்கள். அடுத்த கூட்டத்தில் அந்த எண்ணைச் சொல்லிக் கேட்டால் பதில் வேறு தினுசாக இருக்கும்.

"குழந்தைகளை விட்டுவிட்டு எப்படிப் போவது?" என்கிறீர்களா? அந்த ஆறு நாட்களில் நாலு நாள் சர்க்கார் விடுமுறை. வீட்டுக்காரர் வீட்டில்தான் இருப்பார். காலைப் பலகாரத்தோடு நீங்கள் கிளம்பிவிடலாம். மத்தியானச் சாதத்தை அவர் வடிக்கட்டும்.